மூடியை மூடினால் தெரு தூங்குகிறது

தும்பை என்று ஒரு இயங்குதளம் இருந்தது. கம்ப்யூட்டரைத் தட்டியவுடன் முதல் ஆளாகக் கண்விழித்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பி வேலைக்கு விரட்டுகிற அடிப்படைச் சமாச்சாரத்தைத்தான் இயங்குதளம் என்கிறார்கள். தும்பை, லினக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அதற்கு முதலாளி கிடையாது, விலை கிடையாது. யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் டொராண்டோவிலும் அவரவர் அறையில் அவரவர் விளக்கடியில் ஒண்டியாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, சேர்ந்து செய்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஊருக்குக் கொடுக்கிற பதிப்புக்கு மலர் என்று பேர் வைத்திருந்தார்கள். இன்னும் வேகாத, எங்கே கைவைத்தால் எது உடையும் என்று செய்தவனுக்கே தெரியாத வளர்ச்சிப் பதிப்புக்கு மொட்டு என்று பேர். மொட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற புண்ணியவான்கள், அதில் எது கோணலாக நடந்தாலும் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கோணலுக்கு வழு என்பார்கள். வருகிற வழுக்களையும், அது வேண்டும் இது வேண்டும் என்று வருகிற விருப்பங்களையும் பிரித்து, ஒன்றையே பத்துப் பேர் சொல்லியிருந்தால் ஒரே முடிச்சாக முடிந்து, எது யார் தலையில் என்று பார்த்துக் கட்டுகிற வேலை சௌடேஸ்வரியுடையது.

சௌடேஸ்வரி இருந்தது காவிரிக் கரையில், விசைத்தறி ஓடுகிற ஒரு ஊரில், பாவடி வீதியில். வயிற்றுப்பாட்டுக்குச் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் தும்பைக்கு. புருஷன் அர்த்தநாரி, அதே வீதியில் செங்கோடனின் தறிக்கூடத்தில் ராத்திரி ஷிப்ட் ஓட்டினான். அவன் விடியக்காலம் தலை நிறையப் பஞ்சோடு வருவான், இவள் சோறு போடுவாள், அவன் படுப்பான், இவள் வேலைக்கு உட்காருவாள். இவள் வேலையை முடிக்கும்போது அவன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சேர்த்தால் ஒரு முழம் தேறாது. தறிச்சத்தம் வேறு. அந்த வீதியில் பகலும் ராத்திரியும் தறி ஓடும், பேசுவதென்றால் கத்த வேண்டும், கத்திச் சொல்லக் கூடியதை மட்டுந்தான் அங்கே யாரும் சொன்னார்கள். பகலில் அர்த்தநாரி கண்ணை மூடியபடி புரண்டு கிடப்பான், தூங்கமாட்டான். சௌடேஸ்வரிக்கு ராத்திரியில் தனியாகத் தூக்கம் வராது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அவன் ராத்திரி ஷிப்டுக்குப் போன நாளிலிருந்தே வராது. யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில், ஐப்பசியில் ஒரு மத்தியானம், மொட்டுக்குப் புதிதாக ஏதோ வந்து சேர்ந்து கம்ப்யூட்டர் தன்னை மாற்றிக்கொண்டு நின்றது. சோறு திங்கலாம் என்று அவள் மடிக்கணினியின் மூடியை மூடினாள். மூடினால் கம்ப்யூட்டர் தூங்க வேண்டும், அது வழக்கம். அன்றைக்குக் கம்ப்யூட்டர் தூங்கியது. கூடவே பாவடி வீதியும் தூங்கியது.

முதலில் அவளுக்குக் காது போய்விட்டதாட்டம் இருந்தது. தறிச்சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அது நின்று கேட்டதில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், தள்ளுவண்டிக்காரர் தக்காளி மேல் தலை வைத்துத் தூங்கினார், நாய் நாலு காலையும் நீட்டித் தூங்கியது, குழாயடியில் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள், செங்கோடனின் கூடத்தில் தறிகளெல்லாம் பாதி இழையில் நின்றிருக்க, தறிக்காரர்கள் பாவு சுற்றிய பீம் மேல் சாய்ந்து பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கினார்கள். மின்விசிறி கூட நின்றிருந்தது. சுற்றுவதெல்லாம் நின்றது, எரிவது மட்டும் எரிந்தது. எதிர்வீட்டு ராசாமணியின் அடுப்பில் பால் பொங்கி வழிந்து கொண்டிருந்தது. சௌடேஸ்வரி ஓடிப்போய் அதை அணைத்தாள். பிறகு நின்று யோசித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தாள். வீதி எழுந்தது, தறி விட்ட இடத்திலிருந்து ஓடியது.

ராசாமணிதான் முதலில் வந்தாள். அவளுக்கு எதையும் கண்டுபிடிக்க ஆதாரம் தேவையில்லை.

"ஏன் ஈஸ்வரி, என்ன கண்ணு பண்ணித் தொலைச்ச? பாலெல்லாம் போச்சு."

"மூடியை மூடினேனுங்க்கா. அவ்வளவுதான்."

"அப்படியா," என்றாள் ராசாமணி. போகும்போது திரும்பி, "மறுக்கா எப்ப மூடுவ?" என்று கேட்டாள்.

தும்பைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வழுவாக இருந்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது. கதையெல்லாம் அளக்கக் கூடாது. சௌடேஸ்வரி எழுதினாள். செய்தது, மூடியை மூடினேன். எதிர்பார்த்தது, கம்ப்யூட்டர் தூங்குவது. நடந்தது, தெரு தூங்கியது. எழுதி அனுப்பிவிட்டு, துணி உலர்த்தப் போனாள்.

உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் பதில் வந்தது. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, அவர்கள் அதைவிடக் கோணலையெல்லாம் பார்த்தவர்கள். அவரவர் அறையில் அவரவர் மூடியை மூடிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று எழுதினார்கள். சென்னையில் நடக்கவில்லை, சிங்கப்பூரில் நடக்கவில்லை, டொராண்டோவில் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும், பூனை தூங்கியது, ஆனால் அது எப்போதும் தூங்குவதுதான், கணக்கில் எடுக்க வேண்டாம் என்று எழுதினார். மூடுகிறவருக்குத் தூக்கம் வராது, பக்கத்திலிருப்பவருக்குத்தான் வரும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள், அவர்கள் தூங்கினார்களா என்று எந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பது? மாதக்கணக்கில் சோதித்தாலும் ஒண்டிக்கட்டைகளின் கையில் அந்த வழு சிக்காது.

பாவடி வீதிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. இரண்டே வாரத்தில் அது நடைமுறையாகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு சௌடேஸ்வரி வாசலில் நின்று, தறிச்சத்தத்துக்கு மேலே கத்துவாள்: "மூடறேனுங்கோ." உடனே பெண்கள் பாலை இறக்குவார்கள், தேய்ப்புக்காரர் பெட்டியைக் கல்மேல் வைப்பார், குழந்தைகளைக் கட்டிலில் நடுவாகப் போடுவார்கள், மாடிப்படியில் நிற்பவர்கள் இறங்கி வந்து கெட்டியான தரையாகப் பார்த்து உட்காருவார்கள். "மூடு மூடு" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். அவள் மூடுவாள், மூன்று மணிக்குத் திறப்பாள். தூங்காதவர்களின் ஊர் அது, தூக்கத்தை அப்பா காலத்திலிருந்து ஷிப்டுக்கு விற்றுவிட்ட ஊர், அவர்களுக்குக் கிடைத்ததைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? செங்கோடன் மட்டும் ஒரு நாள், உற்பத்தி போச்சு, நூல் போச்சு என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மணி இரண்டானது, அவள் மூடினாள். எழுந்திருக்கும்போது அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. "அம்மிணி, இன்னொரு அரை மணி நேரம் சேர்த்துக் குடுக்கச் சொல்லி உங்க ஆளுங்களுக்கு எழுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் விருப்பங்கள் வர ஆரம்பித்தன. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன மகளையும் இந்தத் தூக்கத்தில் சேர்க்க முடியுமா என்று ஒருத்தி கேட்டாள். நாயை மட்டும் விட்டுவிடு, திருடன் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். தேய்ப்புக்காரர் முன்கூட்டியே இரண்டு தரம் கூப்பிடச் சொன்னார். ராசாமணி, ஆற்றின் நிறத்தை நாமே சொல்ல முடியுமா என்று கேட்டாள். அதுதான் பெரிய சங்கதி. அவர்கள் எல்லோரும் கண்டது ஒரே கனவு. பாவடி வீதிக்குள் காவிரி வந்து முழங்கால் அளவுக்கு ஓடும், இளஞ்சூடாக ஓடும், அன்றைக்குச் சாயப்பட்டறையில் என்ன சாயமோ அந்த நிறத்தில் ஓடும், சேலையில் ஒட்டாது, தறிகளெல்லாம் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், எல்லோரும் வாசற்படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, கத்தாமல், மெதுவாக, பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் கனவு. அதற்குத்தான் மத்தியானம் ஒன்றரை மணியிலிருந்தே வீதி சோம்பல் முறித்தது.

சௌடேஸ்வரி எல்லாவற்றையும் மூன்று கேள்விக்கு உட்படுத்தி எழுதி அனுப்பினாள். அவள் அந்தக் கனவைக் கண்டதில்லை. மூடிய கைக்குத் தூக்கம் இல்லையே. வீதி தூங்கும்போது அவள் வீடு வீடாகப் போவாள். மறந்து எரியவிட்ட அடுப்பை அணைப்பாள், கவிழ்ந்து கிடக்கும் குழந்தையைப் புரட்டிப் போடுவாள், வெயில் ஏறிய முகத்துக்கு முந்தானையை இழுத்துவிடுவாள். "பாவம் நீ, நாளைக்கு நான் மூடறேன்," என்று தினமும் யாராவது சொல்வார்கள், மனசாரச் சொல்வார்கள். மறுநாள் இரண்டு மணிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஆற்றில் கால் நனைத்தவர்களுக்கு ஒரு நாளை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அர்த்தநாரியிடம் கேட்கலாம்தான். ராத்திரி முழுக்க நின்று ஓட்டிவிட்டு வந்தவனிடம், எனக்காக நீ முழித்திரு என்று எந்த வாயால் கேட்பது?

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு ஒன்று. கனவிலிருந்து எழுந்தவர்களெல்லாம், "உன்னையும் பாத்தேன் ஈஸ்வரி, உம்பட ஊட்டு வாசல்ல உங்காந்து சிரிச்சுக்கிட்டிருந்த," என்று சொன்னார்கள். அர்த்தநாரியும் சொன்னான். நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"எங்கூடப் பேசிட்டே இருந்த."

"என்ன பேசினேன்?"

"அதான் நெனப்பு நிக்க மாட்டேங்குது. கேட்டா மனசுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. முழிச்சதும் போயிருது."

தினமும் கேட்டாள், தினமும் அதே பதில். சௌடேஸ்வரிக்குப் பொறாமையாக இருந்தது. வெளிப்படையாகச் சொன்னால் வயிறு எரிந்தது. நான் இங்கே ஊரார் அடுப்பை அணைத்துக்கொண்டு திரிகிறேன், அங்கே எவளோ ஒருத்தி என் சேலையைக் கட்டிக்கொண்டு, என் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இத்தனை வருஷத்தில் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அவள் யார்? அவள் என்ன சொல்கிறாள்? ஒரே ஒரு தரம் அந்தப் படிக்கட்டில் போய் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. அந்த ஆசை சோறு திங்கும்போதும் டிசைன் போடும்போதும் கூடவே இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு புது அறிக்கை வந்தது. மொட்டை வைத்திருந்த ஒரு கல்லூரி வாத்தியார், பேருந்தில் போகும்போது மூடியை மூடியிருக்கிறார். செய்தது, மூடினேன். எதிர்பார்த்தது, நத்தத்தில் இறங்குவது. நடந்தது, நத்தம் வரவில்லை. ஓட்டுநர், நடத்துநர், பயணிகள், எஞ்சின் எல்லாம் தூங்கிவிட, பேருந்து எருமை மாதிரி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாத்தியாருக்கு மூடியைத் திறக்கப் புத்தி வந்தது தெய்வாதீனம்.

சௌடேஸ்வரி அதை இரண்டு தரம் படித்தாள். தை பிறந்ததும் மொட்டு மலராக வெளிவர வேண்டும், ஆயிரக்கணக்கானவர்கள் அதை ஏற்றிக்கொள்வார்கள், அவர்கள் மலைப்பாதையில் மூடுவார்கள், ஆஸ்பத்திரியில் மூடுவார்கள். வழுக்களில் எது எவ்வளவு மோசம் என்று முத்திரை குத்துகிற உரிமை அவளுடையது. இது சரியாகாமல் மலர் வெளிவரக் கூடாது என்கிற முத்திரையை அவளே, அவள் கையாலேயே, குத்தினாள். குத்திவிட்டு அடுப்படியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். தறிச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மூடி, தூக்கம், விழிப்பு சம்பந்தப்பட்ட பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன் தாவூத். சொந்த ஊர் கீழக்கரை, இருப்பது சென்னையில் ஒரு மூன்றாம் மாடி அறையில். தும்பைக்காரர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு: சரிசெய்கிறவன் தன் கண்ணால் ஒரு முறையாவது பார்க்காத வழுவைத் தொடக் கூடாது. தாவூத் அறையில் மூடி மூடிப் பார்த்திருந்தான், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்தில் மூடிப் பாருங்கள் என்று சௌடேஸ்வரி எழுதினாள். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் எழுதினான்: "அக்கா, எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தெரியாத மனிதர்களைக் கேட்காமல் தூங்க வைப்பதும் முறையில்லை. நான் அங்கே வரலாமா?"

ஈரோட்டில் இறங்கி, பஸ் பிடித்து, முதுகுப்பையோடு பாவடி வீதிக்கு வந்தான். நெட்டையான ஆள், முப்பது வயசுக்கு மேலிருக்கும், யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. வீதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தூக்கத்தை நிறுத்த வந்தவன் என்று தெரிந்தும் ராசாமணி அவனுக்குக் காப்பி கொடுத்தாள். செங்கோடன் மட்டும் கொஞ்சம் முறைத்தார். பேருந்துக் கதையை சௌடேஸ்வரி சொன்னதும் அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதுவுஞ் செரிதான்," என்றார்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தாவூத் கேட்டான். "நீங்க மூடுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்."

"நான் மூடினா நீயும் தூங்கிருவ சாமி. உன் கண்ணால எதைப் பார்ப்ப?"

அவன் யோசித்தான். "அப்ப நான்தான் மூடணும்."

"ஆமா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வெளியாள் ஒருவன் மூடினால் தானும் தூங்கலாம் என்று இந்த ஒரு வழி இருந்ததை இத்தனை நாள் அவள் யோசிக்கவில்லை. அடுப்பு எங்கெங்கே இருக்கிறது, எந்தக் குழந்தை கவிழும், எந்தத் திருப்பத்தில் வெயில் விழும் என்று ஒவ்வொன்றாக அவனிடம் சொன்னாள். மணி மூன்று அடித்ததும் திறந்துவிட வேண்டும் என்று சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவள் வாசலுக்குப் போய், "மூடறோமுங்கோ," என்று கத்தினாள். மூடு மூடு என்று வீதி சொன்னது. அவள் வந்து, அர்த்தநாரி படுத்திருந்த பாயின் ஓரத்தில், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வெட்கப்பட்டாள். மூடி விழுந்த சத்தம் கேட்டது.

தண்ணீர் நீலமாக இருந்தது. இளஞ்சூடாக இருந்தது, அவர்கள் சொன்னது சரிதான். தறிகள் அடியில் ஓடின, மீன் ஓடுவது மாதிரி சத்தமில்லை. செங்கோடன் ஒரு படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார், ராசாமணி அவரிடம் என்னமோ சொல்ல அவர் தலையைத் தலையை ஆட்டினார். சௌடேஸ்வரி சேலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து தன் வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே அந்த இன்னொருத்தி இருப்பாள், பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று போனாள். படியில் அர்த்தநாரி மட்டும் இருந்தான். தலையில் பஞ்சு. பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். கல் சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்துபோனதுபோல.

"எங்க எந்திரிச்சுப் போன?" என்றான் அர்த்தநாரி. "சொல்லிட்டே இருந்த, பாதியில உட்டுட்டுப் போயிட்ட."

"என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"எனக்குத்தான் நிக்க மாட்டேங்குதே. நீயே சொல்லு."

அவள் வீதியைப் பார்த்தாள். மேற்கே, கிழக்கே, எல்லாப் படியிலும் பார்த்தாள். அவள் சேலையைக் கட்டிக்கொண்டு வேறு ஒருத்தியும் அங்கே இல்லை. இருந்தவள் இவளுக்கு இடத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள், சொல்ல வேண்டியதையும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். கத்த வேண்டிய அவசியம் அங்கே இல்லை. சௌடேஸ்வரி காலைத் தண்ணீரில் ஒரு தரம் அளைந்தாள்.

"ஏனுங்க, ராத்திரி ஷிப்ட் வேண்டாமுங்க. எனக்குத் தனியாப் படுத்தாத் தூக்கம் வரமாட்டேங்குது. நீங்க போன நாள்லருந்து வரல. சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

அர்த்தநாரி அவளைத் திரும்பிப் பார்த்தான். என்ன பதில் சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் அவன் தோளில் அவள் தலை சாய்ந்துவிட்டது. கனவுக்குள்ளேயே அவள் தூங்கிப்போனாள்.

எழுந்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி ஏற்கனவே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பொத்தானைப் போடாமலே கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.

"செங்கோடண்ணங்கிட்டப் பகல் ஷிப்டு கேக்கறேன்," என்றான்.

அவள் எழுந்து அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள். இந்தத் தடவை அவனுக்கு ஞாபகம் நின்றிருக்கிறது.

தாவூத் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். மணி மூன்றரையாகியிருந்தது. அரை மணி நேரம் தாமதமாகத் திறந்திருக்கிறான். கையில் கரி, சட்டையில் குழந்தை எச்சில். ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். "இத்தனை பேர் பக்கத்துல நான் இருந்ததே இல்லக்கா. ஒரு தாத்தா தூக்கத்துலயே என் விரலைப் பிடிச்சுக்கிட்டார். எடுக்க மனசு வரல."

அன்று சாயங்காலமே வழுவின் வேரைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரே ஒரு வரி. எப்படி வந்தது, யார் எழுதியது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, கதை கேட்கிறவர்களுக்கும் அது தேவையில்லை. ஊருக்குப் போவதற்கு முன்னால், தன் கண்ணால் பார்த்ததற்கு அத்தாட்சியாக, வழக்கப்படி எழுதி வைத்தான். செய்தது, மூடினேன். எதிர்பார்த்தது, ஒன்றுமில்லை. நடந்தது, ஒரு தெரு. எழுதிவிட்டு வழுவைச் சரிசெய்து அனுப்பினான். பொங்கலுக்கு வரச்சொல்லி ராசாமணி அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தை பிறந்தது, மலர் வெளிவந்தது. சௌடேஸ்வரி அதைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, பழக்கதோஷத்தில் வீதி பாலை இறக்கிவைத்துவிட்டு அவள் வாசலைப் பார்த்தது. அவள் வெளியே வந்து, இல்லை என்று கையை ஆட்டினாள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள், பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். அவளும் உள்ளே போய்த் தன் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முறைப்படி சோதித்தாக வேண்டுமே என்று மூடியை மூடினாள். கம்ப்யூட்டர் தூங்கியது. தறி ஓடியது. அர்த்தநாரியும் பகல் ஷிப்டில் அந்தச் சத்தத்துக்குள் ஒரு தறியை ஓட்டிக்கொண்டிருந்தான், ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவான். இங்கே சரியாகிவிட்டது என்று எழுதலாம் என்று மூடியைத் திறக்கக் கையை நீட்டியவளுக்கு, கொட்டாவி வந்தது. பெரிய கொட்டாவி, கண்ணில் நீர் வந்துவிட்டது. வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

ராசாமணிக்குத் தீய்ந்த வாடை வந்தது. சௌடேஸ்வரி வீட்டிலிருந்துதான். "ஏன் ஈஸ்வரி" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சௌடேஸ்வரி மூடிய கம்ப்யூட்டரின் பக்கத்தில், வாயைத் திறந்தபடி, அத்தனை தறிச்சத்தத்திலும் தூங்கிக்கொண்டிருந்தாள். ராசாமணி அடுப்பை அணைத்தாள். பாலை இறக்கி வைத்து, தட்டைப் போட்டு மூடினாள். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்ததைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டாள். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.